எட்டாவது வாய்

போரா காற்று வீசுகிற நாளில்
த்ரியெஸ்தே நகரத்தில் ஏணி ஏறுகிறவள் முட்டாள்.
ஏறினேன்.
ஏலக்காரருக்கு நாலு மணி ரயிலாம்.

பல் மருத்துவர் பெர்தோட் காலமாகிப் பதினோரு வாரம்.
நாற்காலியை விற்றாயிற்று.
அது நின்ற இடத்தில் தரையில் நாலு துளை.
அதற்கு நேர் மேலே
சரவிளக்கு.

இந்த ஊரில் பாதிப் பேருக்கு
அதன் அடிப்பக்கம் மனப்பாடம்.
வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்தவர்கள் நாங்கள்.
எட்டு வெண்கலப் பிள்ளைகள்,
தொடை மடிப்பு, குட்டைச் சிறகு,
கையில் ஆளுக்கொரு மெழுகுக் கிண்ணம்.
ஒன்பது வயதில் என் கடைவாய்ப்பல்லை
அவர் ஆட்டி ஆட்டிப் பிடுங்கியபோது
அந்தக் கால்விரல்களை எண்ணினேன்.
எழுபத்தொன்பது வந்தது.
வலியில் ஒன்று தவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மெழுகுக்காகப் பிறந்தவை.
மின்சாரம் வந்த வருடம் எவனோ ஒருவன்
பிள்ளைகளின் குதிகாலில் துளையிட்டு
முதுகு வழியே கம்பியை ஏற்றி
உள்ளங்கையில் வெளியே எடுத்திருக்கிறான்.
நல்ல வேலை. கொடூரமான வேலை.
துணி சுற்றிய கம்பி, தொட்டால் உதிர்கிறது.

கீழே நெரீனாவும் லீவியோவும்.
கரண்டிகள் அவளுக்கு, படகு அவனுக்கு,
கடிகாரம் யாருக்கென்று இன்னும் முடியவில்லை.
விளக்கை விற்றுச் சரிபாதி.
அதில் மட்டும் சண்டையில்லை.

ஒவ்வொன்றாகத் திருகி இறக்கினேன்.
உதினேயிலிருந்து வந்த ஏலக்காரர்
பென்சிலால் வயிற்றில் தட்டிப் பார்த்தார்.
ணங்.
ணங்.
ஏழு முறை ணங்.

எட்டாவது,
டொக்.

"போலி," என்றார். "முலாம் பல்லிளிக்கிறது, பாருங்கள்."
அவர் சொன்னது தோளில் உரிந்த பூச்சை.
என் கைக்குத் திரும்பி வந்தபோது
அது நிஜமாகவே இளித்தது.

மற்ற ஏழும் உதடு மூடியவை.
இதற்கு மட்டும் திறந்த வாய்,
கிண்ணத்தின் நிழலில்,
படுத்துக் கிடக்கிற யார் கண்ணுக்கும் எட்டாதபடி.
அச்செடுக்கிற சுண்ணத்தில் உடம்பு.
ரோஜா நிற மெழுகில் ஈறு.
மேலே இரண்டு, கீழே நாலு
பால்பற்கள்.
மனிதப் பற்கள்.
ஒன்றில் கடுகளவு வெள்ளி அடைப்பு.

நெரீனா அந்த அடைப்பைத்தான் பார்த்தாள்.
"இது என்னுது.
எலி கொண்டுபோனது.
தலையணைக்கு அடியில் நூறு லீரா வைத்துவிட்டுப் போனது."

"எனக்கு ஐம்பதுதான் வைத்தது அந்த எலி," என்றான் லீவியோ.

அவள் சிரித்தாள். அவனும்.
பிறகு அந்த ஐம்பது லீராவுக்காக
அறுபது வயதில் சண்டை ஆரம்பித்தது.
ஜன்னலில் போரா.
தரையில் பிரித்து வைத்த படிகச் சரங்கள்
வைக்கோலுக்குள் கிலுகிலுத்தன.

அசல் எட்டாவது எங்கே போயிற்று?
"அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தது எந்த வருஷம்?"
என்று லீவியோ கேட்டான்.
நெரீனா கரண்டிப் பெட்டியை மூடினாள்.

போலியின் குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன்.
துளை இல்லை. கம்பி ஏறவே இல்லை.
இத்தனை வருடமும் ஏழுதான் எரிந்திருக்கிறது.
எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை,
வெளிச்சம் பற்றிப் புகார் சொல்ல
யாருக்கும் வாய் ஒழியவில்லை.

இடது காலில் நாலு விரல்.
அவசரமா, சுண்ணம் தீர்ந்ததா,
தெரியாது.
என் கணக்கு சரி.

ஏலக்காரர் விலையைக் குறைத்து
ஏழு மட்டும் மூட்டை கட்டினார்.
நான் பில்லில் எட்டு என்று எழுதினேன்.
அவர் அடித்து ஏழு ஆக்கினார்.
நெரீனா பணப்பையைத் திறந்து
மிச்ச ஒன்றுக்கான கூலியைத் தனியாக எண்ணி வைத்தாள்.
சில்லறை போதவில்லை.
லீவியோ
ஒன்றும் பேசாமல்
தன் பையைத் துழாவினான்.